கடல் போயிருந்த காலை

என் மகனின் முதுகை எனக்கு மிக நன்றாகத் தெரியும். கழுத்துக்குக் கீழே கடுகளவு ஒரு மச்சம். இடது தோள் கொஞ்சம் தூக்கல். சட்டையின் பின்பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு கறை இருக்கும். அவனுடைய ஐந்து வயதில் நான் அதிகம் பார்த்தது அந்த முதுகைத்தான். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பான். கூப்பிட்டால் நிற்பான். ஆனால் திரும்ப மாட்டான்.

இந்த வாரம் எழுத உட்கார்ந்ததும் அந்த முதுகுதான் கண்முன் வந்து நின்றது. மோரிப் கடற்கரைப் பூங்கா. பள்ளி விடுமுறையில் ஒரு காலை. சவுக்கு மரங்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடும் இடம், அதன் ஓரத்தில் தாழ்வான ஒரு சிமெண்டுச் சுவர். சுவரின் மேல் கவின் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எதிரே கடல் இருக்க வேண்டும். கடலைக் காணோம்.

மோரிப்புக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. தண்ணீர் வற்றினால் அங்கே கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். மிச்சம் இருப்பது ஈரச் சேறு மட்டும். அந்தச் சேற்றின் மேல் காலை வெளிச்சம் விழுந்து, வானம் கீழேயும் கொஞ்சம் கிடந்தது. எங்கே சேறு முடிகிறது, எங்கே ஆகாயம் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. வெகு தூரத்தில் சிப்பி பொறுக்குகிறவர்கள் இரண்டு மூன்று பேர் ஆகாயத்திலேயே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா, கடல் எங்க?" என்று கேட்டான். திரும்பாமலே கேட்டான்.

"போயிருச்சுடா" என்றேன். பிளாஸ்டிக் பையில் மகள் யாழினியின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் சொன்ன பதில் அது. பிள்ளைகளிடம் நாம் இப்படித்தான் பேசுகிறோம்.

நேராகப் போ, எதுவரைக்கும்?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வரி: நான் கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கூரையில் பலகை வைத்த சின்னக் கார், என் காலடியில் தனியாக ஒரு பிரேக், பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து ஓர் ஆத்மா. இதுதான் என் ஆபீஸ். "கண்ணாடியப் பாரு. அது பத்தாது, தலையத் திருப்பிப் பாரு" என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. எல்லாக் காருக்கும் கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை உண்டு. மோட்டார் சைக்கிள்காரன் சரியாக அங்கேதான் இருப்பான்.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பிள்ளை திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறான். சிரிப்பதா, அழுவதா?

வேலையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சின்னக் கதை. மேரு பக்கத்திலிருந்து ஓர் ஆன்டி என்னிடம் பழக வந்தார். ரொம்பப் பயந்த சுபாவம். ஒரு நாள் அவரிடம் "நேரா போங்க ஆன்டி" என்று சொன்னேன், அந்த நேரம் பார்த்து பண்டமாரானிலிருந்து என் அக்கா போன் செய்தார். அக்கா போனைப் பிடித்தால் லேசில் வைக்கிற ஆள் இல்லை. அவர் வீட்டுக்காரரின் சர்க்கரை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் கேட்டு முடித்துத் தலையை நிமிர்த்தினால், கார் காப்பார் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் ஒரு கொள்கலன் லோரி, பின்னால் இன்னொரு லோரி. நடுவில் ஆன்டி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, கண் கலங்கி, நேராகப் போய்க்கொண்டிருக்கிறார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "நீங்கதான சார் நேரா போவச் சொன்னீங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் மேல் என்ன குற்றம்? போகச் சொன்னவன் நிறுத்தச் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாருக்குப் பாடம் எடுத்தாலும் "நேரா போ, அந்த டிராபிக் லைட் வரைக்கும்" என்று எல்லையையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டேன். பயந்தவர்களும் நல்லவர்களும் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

கடைசிப் பெட்டி

ஷாமினியும் என்னிடம் கார் பழக வந்தவள்தான். வலப்பக்கம் திரும்பும்போது தலையைத் திருப்பிப் பார் என்றால் பார்க்க மாட்டாள். கழுத்து சுளுக்கிக்கொள்ளுமாம். மூன்றாவது தடவைதான் பாஸ் செய்தாள். உங்களைக் கட்டிக்கொண்டால் எனக்கு லைசென்ஸே வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் அவளுக்கு வேலை. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருவாள். சாயங்காலம் கடைசி மாணவனை இறக்கிவிட்டு, மூத்தவள் யாழினியையும் சின்னவன் கவினையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன். ரயில் வந்து நிற்கும். கவின் முன்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அவள் வேண்டுமென்றே கடைசிப் பெட்டியில் ஏறி வருவாள். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னாலிருந்து வந்து, அவன் கண்ணைப் பொத்துவாள்.

யாரென்று கேட்பாள். அம்மா என்பான். எப்படித் தெரியும் என்பாள். வாசனை என்பான். கிளினிக்கின் கிராம்புத் தைல வாசனையும், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வாங்கிய மல்லிகையின் வாசனையும் கலந்த ஒன்று. அதற்குப் பிறகுதான் கையை எடுப்பாள், இவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். தினமும் இதேதான். தினமும் அவனுக்கு அது புதிதாக இருந்தது. எனக்கும்தான்.

அவளுக்கு டெங்கிக் காய்ச்சல். படுத்தது ஒரு வாரம்கூட இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. மன்னியுங்கள்.

அப்போது யாழினிக்கு ஆறு வயது, கவினுக்கு நான்கு. பெண் பிள்ளை வர வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்ல, யாழினியை அக்கா வீட்டில் விட்டோம். கவின் பையன், தாய்க்குச் செய்ய வேண்டியவன். மொட்டையடித்து, துண்டை வேட்டியாகக் கட்டிவிட்டார்கள். சாம்பலைக் கரைக்க மோரிப்புக்குப் போனோம். அன்றைக்குக் கடல் இருந்தது, சுவர் வரைக்கும் நிறைந்து இருந்தது.

பிள்ளைகளின் தாய்மாமன், ஷாமினியின் அண்ணன், கவினைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நான் பக்கத்தில். காரியம் செய்ய வந்த பண்டாரம் சொன்னபடி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, சாம்பல் சட்டியைத் தோளுக்குப் பின்னால் விட்டோம். தண்ணீரில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. இனி யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது, நேராகக் கரைக்குப் போங்கள் என்றார் பண்டாரம். எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். போகிறவர்கள் நிம்மதியாகப் போகட்டும் என்பதற்காகச் சொல்வது. நாங்களும் திரும்பாமல் நடந்து வந்தோம். மாமன் கவினின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

காது நன்றாகத்தான் கேட்கிறது

முதலில் கவனித்தது பாலர் பள்ளி ஆசிரியை. கவின் சமர்த்துப் பையன், ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, எதற்கும் காதைக் காட்டிவிடுங்கள் என்றார். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு ரகசியம்போலக் கேள்வி கேட்டார். இவன் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். காதில் ஒரு குறையும் இல்லை. தாயை இழந்த பிள்ளை, கொஞ்ச நாள் போகட்டும் என்று அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாள் போயிற்று. இன்னும் கொஞ்ச நாளும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பண்டமாரானில் அக்கா வீட்டுப் பக்கம் இருக்கிற விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். சறுக்குமரத்தில் சறுக்குவான். ஏணியில் ஏறுவான். ஊஞ்சலில் மட்டும் உட்கார மாட்டான். உட்கார வைத்துப் பின்னாலிருந்து தள்ளினால் உடனே இறங்கிவிடுவான். யாழினி அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஓடிப்போய் அவனுக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்வாள். இது என்ன புது விளையாட்டு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டுச் சந்தில் எரிவாயு லோரி ஒன்று பின்னோக்கி வந்தது. கவின் நடுச் சந்தில் எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான். கத்தினேன். எழுந்து நின்றான். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றான். லோரிக்காரர் என் கத்தலைக் கேட்டு நிறுத்தியதால் பிள்ளை பிழைத்தான். லோரியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டும் அதன் பிறகு பல நாள் என் தூக்கத்தில் வந்து நின்றன.

அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரிய ரோடு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அந்த ரோட்டில் எப்படி விடுவது? கெஞ்சினேன், மிரட்டினேன், ஐஸ்கிரீமைக் காட்டினேன். நான் பின்னால் நின்று பொம்மையைக் கிலுக்கினால் அவன் தோள் லேசாக அசையும். கழுத்து அசையாது. அந்தச் சின்னக் கழுத்துக்குள் அவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

யாழினியின் வழக்கு

மோரிப்புக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தது யாழினி. கப்பல்போலக் கட்டிய சறுக்குமரம் அங்கே வந்திருக்கிறது என்று வகுப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். வேறு எங்காவது போகலாம் என்று நான் மழுப்பினேன். சட்டியை விட்ட நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்கா போனில் ஒரே பிடியாக நின்றார். "வேணாம்லா தம்பி. காரியம் பண்ண எடத்துக்கு யாராச்சும் பிள்ளைங்கள வெளையாட இட்டுகிட்டுப் போவாங்களா?"

நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் யாழினி விடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், ஒரு நாள் சொன்னாள்.

"கவின் போயிட்டான். நீங்க போயிட்டீங்க. மாமா போயிட்டாங்க. நான் மட்டும் இன்னும் போவல."

அவள் சறுக்குமரத்தைப் பற்றிப் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது?

விடியும் முன்பே கிளம்பினோம். பந்திங்கைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பனி இன்னும் கலையவில்லை, மரங்கள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தன. ஒரு மாடு ரோட்டோரம் நின்று எங்களை யோசனையோடு பார்த்தது. வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் காரிலேயே பசியாறினோம். பின்சீட்டில் இரண்டும் கறி வாசனையோடு தூங்கிப்போயின. கண்ணாடியில் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். தூங்கும்போது மட்டும்தான் கவினின் முகம் எனக்கு அவசரமில்லாமல் கிடைக்கும்.

தண்ணீர் ஏறுகிறது

சரி, சுவருக்கு வருகிறேன்.

கடல் போயிருச்சு என்று நான் சொன்னதும் கவின் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு இறங்கி வந்து யாழினியோடு கப்பல் சறுக்குமரத்தில் ஏறினான். மரக் கப்பல், மஞ்சள் பெயிண்ட். அதன் வயிற்றிலிருந்து சறுக்கி விழுந்தால் கீழே மணல், மணலின் மேல் மெத்தைபோலச் சவுக்கு இலை. பக்கத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்த சங்கிலியோடு இரண்டு ஊஞ்சல், ஆள் இல்லாமலே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. காற்று சவுக்கு மரத்துக்குள் புகுந்து புகுந்து இரைந்தது. கடல் இல்லாத இடத்தில் கடலின் சத்தம் மட்டும் கேட்டதுபோல இருந்தது. எனக்குக்கூடக் கண் சொக்கியது. இவ்வளவு நாள் எதற்குப் பயந்தேன் என்று நினைத்தேன்.

மரத்தடியில் ஒரு மலாய்க்கார மாக்சிக், வயதான அம்மா, வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு வாங்கலாம் என்று போனேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அள்ளி எடுத்தவர், என் தோளுக்கு அப்பால் பார்த்து, அது உங்கள் பிள்ளையா என்று மலாயில் கேட்டார். தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது என்றும் சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். சுவரைத் தாண்டி, படி இறங்கி, சேற்றில் வெகு தூரம் போய்விட்டிருந்தது அந்த முதுகு.

அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தான். கையில் செருப்பு. அவனுக்கு அப்பால், சற்று முன்புவரை ஒன்றுமில்லாமல் கிடந்த இடத்தில், மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று அகலமாகிக்கொண்டே வந்தது. சேற்றில் இருக்கிற வாய்க்கால்கள்தான் முதலில் நிறையும். பார்க்கக் கணுக்கால் அளவு தெரியும், காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கும்.

பெயரைச் சொல்லிக் கத்தினேன். நின்றான். என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அவன் மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

ஓடினேன். சேறு காலை விடவில்லை, ஒரு செருப்பு போயிற்று, அடுத்ததும் போயிற்று. பின்னால் சுவரின் மேல் நின்று யாழினி கத்துவது கேட்டது.

"அப்பா, கூப்புடாதீங்க. அவன் திரும்ப மாட்டான். முன்னால போயி நில்லுங்க."

என் தொழிலில் எனக்கு இப்படிப் பாடம் எடுத்தவர்கள் யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஓடினேன். சுற்றி வளைத்து அவனுக்கு முன்னால் போய் நின்றபோது தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்திருந்தது. முகத்தில் பயம் எதுவும் இல்லை. எதையோ தேடுகிற முகம். அள்ளித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பினேன்.

அப்படித் தூக்கினால் பிள்ளையின் முகம் எனக்குப் பின்னால், கடலைப் பார்த்து இருக்கும் அல்லவா? சேற்றுக் கை இரண்டாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டான். 

"திருப்பித் தூக்குங்கப்பா. இப்படி வேணாம். பின்னால தெரியுது."

"தெரிஞ்சா என்னடா?"

"பாத்தா அம்மா போவ மாட்டாங்க. நம்ம கூடவே வந்து கஷ்டப்படுவாங்க. மாமா சொன்னாங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் என் காலைச் சுற்றிக்கொண்டு கரைப் பக்கம் போனது. ஸ்டேஷனும், கிளினிக்கும், லோரியின் சிவப்பு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காப்பார் ரோட்டில் கண் கலங்க நேராகப் போய்க்கொண்டிருந்த ஆன்டி வந்தார். சட்டியை விட்ட அன்றைக்குக் கரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, நாங்கள் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டோம். இவனிடம் மட்டும் ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை. பின்னாலிருந்து வந்து கண்ணைப் பொத்துகிறவளுக்காக, ஒரு வருடத்துக்கும் மேலாக இந்தப் பிள்ளை பின்னால் பார்க்காமல் இருந்திருக்கிறான்.

"அப்ப எதுக்குடா இங்க வந்த?"

"கடல் போயிருச்சுன்னு சொன்னீங்கல்ல. அம்மாவும் போயிட்டாங்களான்னு பாக்க வந்தேன். போயிட்டாங்கன்னா நான் திரும்பலாம்ல."

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? நடுச் சேற்றில், செருப்பில்லாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் அழுதுகொண்டே நடந்தேன். நடந்துகொண்டே சொன்னேன்.

"கவின், மாமா சொன்னது கரை வரைக்குந்தான்டா. கரைக்கு வந்தவொடனே முடிஞ்சிருச்சு. ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டோம்."

என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டான். 

"அப்ப அம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. நல்லபடியாப் போயிட்டாங்க. நீ திரும்பாம இருந்தல்ல, அதான்."

"கடல் திரும்பி வருதே."

"கடல் போவும், வரும். அம்மா வர மாட்டாங்க."

இந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. சொல்லி முடித்தபோது காலுக்குக் கீழே சிமெண்டுப் படி தட்டுப்பட்டது. கரை.

"இப்ப பாக்கலாமா?" என்று கேட்டான்.

"பாரு" என்றேன்.

முதலில் ஒரு விரலை விலக்கினான். பிறகு இன்னொன்றை. கையை முழுதாக எடுத்துவிட்டு, என் தோளின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தான். "நம்ம காலு போட்ட எடமெல்லாம் தண்ணி ஆயிருச்சு" என்றான். அழுகை இல்லை. பார்த்ததைச் சொன்னான், அவ்வளவுதான். நீங்களும் பாருங்கள் என்று என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினான். நானும் அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடம், சட்டியை விட்ட இடம், எல்லாம் ஒரே தண்ணீராக, வெயிலில் கண் கூசும்படி, அமைதியாக இருந்தது.

யாழினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சொன்னால் அப்பா அழுவார், சொல்லக்கூடாது என்று தம்பி சொல்லியிருந்தானாம். அவளும் கடலைப் பார்த்தாள். கையில் ஒரு சவுக்குக் காயை வைத்திருந்தாள். அதைத் தண்ணீரில் போட்டு, "பை மா" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்குக் கிடைத்த காரியம் அவ்வளவுதான்.

ஊஞ்சல்

மாக்சிக் எங்கள் மூவரையும் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். கால் கழுவிக்கொண்டோம். ஆறிப்போன வாழைப்பழத்தைச் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான வாழைப்பழத்தை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

கவின் ஊஞ்சலில் போய் உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. நான் பின்னால் நின்று தள்ளினேன். துருப்பிடித்த சங்கிலி கிறீச்சிட்டது. ஒவ்வொரு தடவை பின்னால் வரும்போதும் தலையைத் திருப்பி நான் இருக்கிறேனா என்று பார்த்தான். என் மாணவர்களில் ஒருவர்கூட அவ்வளவு ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தது இல்லை. முன்னால் கடல், பின்னால் நான். போய்ப் போய் வந்தான். வெயில் ஏறியது, தண்ணீர் சுவரை வந்து தொட்டது, யாழினி கப்பலின் மூக்கில் நின்று இல்லாத ஊருக்கெல்லாம் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

கிளம்பும்போது கவின் பின்சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பெல்ட் போடாமல் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்தால் மற்ற நாளில் நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். அந்தப் பூங்காவின் வளைவு வரைக்கும் நத்தைபோல ஓட்டினேன். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். அடிக்கட்டும். சவுக்கு மரங்கள் மறைந்ததும் அவனே இறங்கி, ஒழுங்காக உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

கிள்ளானுக்கு வந்தபோது சாயங்காலம். காரை வாசலில் நிறுத்தினேன். யாழினி சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கவின் அவளுக்குப் பின்னால். கழுத்துக்குக் கீழே அந்த மச்சம், தூக்கலான இடது தோள், சட்டையின் பின்பக்கம் மோரிப் சேறு. நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.  குரலை உயர்த்தாமல், சும்மா கூப்பிட்டேன்.

"கவின்."

திரும்பினான். முகம் முழுக்கத் திரும்பினான்.

"என்னப்பா?"

கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தேன்.

"ஒண்ணுமில்லடா" என்றேன். "சும்மாத்தான்."